என் பாட்டை நானே தப்பாகப் பாடினேனாம்

எழுபதுகளில் காஞ்சிபுரம் கல்யாணக் கச்சேரிகளில், சினிமாப் பாட்டுக்கு நடுவே நானே எழுதி மெட்டுப் போட்ட பாட்டையும் பாடுவேன். சர்ச் ஆர்மோனியத்திலும் தெருவின் தறிச் சத்தத்திலும் பிறந்த மெட்டுகள்.

"அத்த நிறுத்துப்பா, சினிமாப் பாட்டு பாடு" என்பார்கள். ஒருநாள் நிறுத்தியேவிட்டேன்.

இன்று வாலாஜாபாத் பஸ்ஸில், முன் சீட்டுப் பெண் மடியிலிருந்த குழந்தைக்கு என் பாட்டில் ஒன்றைப் பாடினாள். அடுத்த வரியை நானும் சேர்ந்து பாடினேன்.

திரும்பிப் பார்த்தாள். "தப்பா பாடுறீங்க ஐயா. 'மழை வந்தது' இல்ல, 'மழை வராதா'. எங்கம்மா கல்யாணத்துல யாரோ பாடிக்கினு இருந்தாராம். அம்மாதான் சொல்லிக்குடுத்தாங்க."

அந்த யாரோ நான்தான் என்று சொல்வதற்குள் இறங்கிவிட்டாள்.

வீட்டுக்கு வந்தும் உட்கார முடியவில்லை. அவள் வரிதான் நன்றாக இருக்கிறது. திருத்திக்கொள்ளட்டுமா, நீங்களே சொல்லுங்கள்.