வெறும் போத்தலும் தண்ணீர்ப் போத்தலும்

இரண்டாம் உலக யுத்த காலம். அப்போது கொழும்பு கொட்டாஞ்சேனையில் குடியிருந்தோம். ஒருநாள் காலை என் மகளுக்கு உடம்பு நெருப்பாய்க் கொதித்தது. தூக்கிக்கொண்டு அரசாங்க மருந்துச்சாலைக்கு ஓடினேன்.

அங்கே டாக்டரும் இலவசம், மருந்தும் இலவசம். மருந்தை ஊற்றி வாங்கும் போத்தல் மட்டும் நம்முடையதாக இருக்க வேண்டும். எங்கள் வீட்டிலிருந்த ஒரே போத்தலை முதல்நாள்தான் மகள் உடைத்திருந்தாள். போத்தல் இல்லையென்றால் மருந்தும் இல்லை. மத்தியானத்தில் மருந்து கொடுக்கும் ஜன்னலைச் சாத்திவிடுவார்கள்.

வாசலில் ஓர் அண்ணை போத்தல் விற்பார். நோயாளி முனக முனக விலை ஏறும். ஊரே புகார் சொல்லி, அந்த வாரம்தான் அரசாங்கம் வெறும் போத்தலுக்கு விலை கட்டியிருந்தது. அந்தத் தைரியத்தில் கேட்டேன்.

"வெறும் போத்தல் இல்லைத் தங்கச்சி. தண்ணி நிரப்பினதுதான் கிடக்கு. தண்ணிக்கு அரசாங்கம் விலை சொல்லேல்லையே."

அவர் சொன்ன விலைக்கு எனக்கு அழுகையே வந்துவிட்டது. கையில் அவ்வளவு இல்லை.

அந்த நேரம் பார்த்து விலைக் கட்டுப்பாட்டு அதிகாரி வந்து சேர்ந்தார். பெரிய தொப்பி, தொளதொள கோட்டு, உள்ளே எலும்பும் தோலுமாக ஒரு மனிதர். அண்ணை அவரிடமும் அதே நியாயத்தைப் பேசினார். அதிகாரி தாடையைச் சொறிந்தார்.

"அப்ப நல்ல தண்ணியோ எண்டு நான் பாக்க வேணும்" என்று ஒரு போத்தலை எடுத்து, கடைசிச் சொட்டுவரை அண்ணாந்து குடித்தார். "நல்ல தண்ணிதான். இப்ப இது வெறும் போத்தல். கட்டின விலைக்கு இவவுக்குக் குடும்."

அண்ணை அதை என்னிடம் நீட்டினார். எனக்குப் பின்னால் நின்றவருக்காக அதிகாரி இன்னொன்றைக் குடித்தார், அவருக்குப் பின்னால் நின்ற கர்ப்பிணிக்காக மற்றொன்று. தொளதொள கோட்டு இறுகத் தொடங்கியது. காய்ச்சல்காரர்களெல்லாம் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். கடைசியில் அண்ணையே அவர் கையைப் பிடித்துவிட்டார்.

"ஐயா, காணும், விடுங்கோ! அது கொதிக்க வைக்காத கிணத்துத் தண்ணி!"

மீதிப் போத்தல்களைத் தானே கவிழ்த்துக் கொட்டினார்.

மகளுக்குக் காய்ச்சல் விட்டது. மறுநாள் மருந்துக்குப் போனால், வரிசையில் அதிகாரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். போத்தல் கொண்டுவர மறந்துவிட்டாராம். அண்ணை ஒன்றை நீட்டினார்.

"ஐயாவுக்குச் சும்மா."

"வேண்டாம். கட்டின விலைதான்" என்று முனகியபடியே அவர் சட்டைப்பையைத் துழாவினார்.

அது வெள்ளைக்காரன் அரசாங்கம்தான். ஆனாலும் அதில் எனக்காகவும் ஓர் ஆள் இருக்கிறார் என்று நான் முதன்முதலாக நம்பியது, அந்த மனிதர் போத்தலை அண்ணாந்து குடித்த அந்த நிமிடத்தில்தான்.