மகன் போனுக்கு வந்த ஆறு எண்கள்

போன செவ்வாய்க்கிழமை செல்வி வந்தாள். என் மகன் அந்தோணியோடு ஒரே ஆபீஸில் வேலை பார்த்தவள். எப்போதும் மீ கோரெங் நூடுல்ஸ் பொட்டலத்தை மேசையில் வைத்துவிட்டுத் தட்டு எடுக்க நேராகச் சமையலறைக்குப் போவாள். அன்று செருப்பைக்கூடக் கழற்றவில்லை. வாசலிலேயே நின்றாள்.

"ஆன்ட்டி... அந்தோணி போனுக்கு வந்த நம்பரை யாருக்காச்சும் அனுப்புனீங்களா?"

அனுப்பினேன்.

அந்தோணி போய்ப் பதினோரு மாதம் ஆகிறது. இதே பத்திரிகைப் பத்தியில் அழுதிருக்கிறேன், உங்களுக்குத் தெரியும். சொல்லாதது ஒன்று உண்டு. ஓய்வு நேரத்தில் அவன் கம்ப்யூட்டர் மொழியில் ஒரு சின்ன 'பேக்கேஜ்' எழுதி வைத்திருந்தான். லோரோங், ஜாலான், தாமான் என்று கன்னாபின்னாவென்று கிடக்கும் நம் மலேசிய முகவரிகளை அது சீராக்கித் தரும். யார் வேண்டுமானாலும் சும்மா எடுத்துத் தங்கள் புரோகிராமில் சேர்த்துக்கொள்ளலாம்.

"பாக்கெட் மசாலா மாதிரிதான்மா," என்பான். "எல்லாரும் எல்லாத்தையும் வீட்டுலயே அரைச்சுக்கிட்டு இருக்க முடியுமா?"

சரிதான். பாக்கெட்டின் மேல் இருக்கும் பெயரை நம்பித்தானே வாங்குகிறோம்? அரைக்கிற கை மாறிவிட்டால்... யாருக்குத் தெரியும்?

முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் அவன் சட்டைகளையும் சப்பாத்துகளையும் கோயிலில் கேட்டவர்களுக்குக் கொடுத்தேன். நம் வழக்கம் அது. போனவர்கள் பொருள் அலமாரியில் கிடந்து மக்கக் கூடாது. கேட்டு வருகிறவரை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது. போனை மட்டும் வைத்துக்கொண்டேன். தினமும் சார்ஜ் போடுவேன்.

அதில் அவன் பேக்கேஜைப் பயன்படுத்துகிறவர்களின் ஈமெயில் கடிதங்கள் வரும். எனக்குத் தெரிந்த ஆங்கிலம் பஸ் பலகை படிக்கத்தான் போதும். போனே மலாயில் மாற்றிக் காட்டும். ஏன் புதிது வரவில்லை, ஏன் பிழையைத் திருத்தவில்லை — எல்லாரும் அதட்டினார்கள். ஒருவர் மட்டும், மகன் இறந்துவிட்டான் என்று நான் எழுதியதும், ஆறுதல் சொன்னார். பிறகு வாரம் தவறாமல் மலாயிலேயே எழுதினார். "சாப்பிட்டாச்சா மக்சிக்?" என்று அத்தையைக் கேட்பதுபோல் கேட்பார். கவனிக்க ஆளில்லாமல் பேக்கேஜ் வீணாகிறது, நான் பார்த்துக்கொள்கிறேன், அந்தோணியின் கணக்கைத் திறக்கப் போனுக்கு ஆறு எண்கள் வரும், அனுப்புங்கள் என்றார்.

பேங்க் நம்பரை யாருக்கும் சொல்லாதே என்று அந்தோணி படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறான். ஆனால் இது பேங்க் இல்லையே... சட்டையைக் கொடுத்தது போல இதையும் கொடுத்தேன்.

மூன்று வாரத்தில் புது வெர்ஷன் வந்தது. என் மகன் பெயரோடுதான். செல்வியின் ஆபீஸ் கிளினிக்குகளுக்குப் புரோகிராம் செய்து கொடுக்கிறது. அதில் அந்தோணியின் பேக்கேஜும் உண்டு; புதிது வந்தால் தானாக எடுத்துக்கொள்ளும்படி வைத்திருந்தார்களாம். அந்த ஆள் உள்ளே திருட்டு வேலையை ஒளித்து வைத்திருந்ததை யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. நோயாளிகளின் பெயர், அடையாள அட்டையின் ஐசி நம்பர், வியாதி — எல்லாம் எங்கோ போய்விட்டன. அந்தோணிக்கு நெருங்கியவள் என்பதால், செல்விதான் அந்த எண்களைக் கொடுத்திருப்பாள் என்று ஆபீஸில் சந்தேகம். வேலையிலிருந்து நிறுத்தி வைத்துவிட்டார்கள்.

"நான் சொன்னா நம்ப மாட்டேங்கறாங்க ஆன்ட்டி. நீங்க வந்து சொல்லணும்லா."

ஜெபக் கூட்டத்தில்கூட வாய் திறக்காதவள் நான். மறுநாள் அவள் ஆபீஸில் மூன்று அதிகாரிகள் முன்னால் உட்கார்ந்து, போனை மேசையில் வைத்து, எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன். ஒருவர் கடிதங்களைப் படம் எடுத்துக்கொண்டார். செல்வியை மறுபடி வேலைக்கு வரச் சொன்னார்கள்.

அந்தோணியின் பேக்கேஜை இணையத்திலிருந்தே நீக்கிவிட்டார்கள். தேடினால் எச்சரிக்கைதான் வருகிறதாம். அதன் கீழே, அவனை முன்பின் தெரியாதவர்கள் திருடன் என்று எழுதியிருக்கிறார்கள். அவர்கள் இந்தப் பத்தியைப் படிக்கப் போவதில்லை. இருந்தாலும் எழுதுகிறேன் — கொடுத்தது நான். அவன் இல்லை.

நேற்று மத்தியானம் அந்தோணியின் போனில் கடிதம் வந்த சத்தம் கேட்டது. அதே ஆள்.

"சாப்பிட்டாச்சா மக்சிக்?"

பதில் எழுதவில்லை. சாப்பிடவும் இல்லை.