வேலிக்கு அந்தப் பக்கத்து வீடு

அக்காவுக்கு இந்த நாட்டில் ஒரே ஒரு குறை என்றால், அது நான் கோல்டிங்கில் இருப்பது. எனக்கும் அதே குறைதான், அவள் சில்க்போர்க்கில் இருக்கிறாள். அகதியாக வந்த காலத்தில் கொம்யூன்காரர், அதாவது நகரசபைக்காரர், அவளை அங்கேயும் என்னை இங்கேயும் போட்டார்கள். நாங்கள் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்று அழாக்குறையாகச் சொல்லிப் பார்த்தோம். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த மனுசி அன்பாகச் சிரித்து, டென்மார்க் சின்ன நாடுதானே என்றாள். சின்ன நாடுதான். கார் ஓடினால் ஒரு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூட. ஆனால் பிட்டு அவித்ததும் ஒரு கிண்ணத்தில் போட்டு மூடிக்கொண்டு ஓடிப்போகிற தூரம் இல்லையே!

அத்தான் இருந்தபோது அவர்கள் சில்க்போர்க்கின் ஓரத்தில் புதுக் குடியிருப்பு ஒன்றில் வீடு வாங்கினார்கள். ஒரு கோடையில் பார்லி வயலாகக் கிடந்த நிலம், அடுத்த கோடையில் தெருவிளக்கும் பிள்ளைகள் பூங்காவுமாக நின்றது. நாங்கள் போகும்போதெல்லாம் ஒரு புதுத் தெரு முளைத்திருக்கும். எங்கள் காரின் வழிகாட்டித் திரையைப் பார்த்தால், நாங்கள் ஏதோ பச்சை வெளிக்குள்ளால் ஓடிக்கொண்டிருப்பதாகக் காட்டும். அவர்களுக்கு வீட்டுத் திறப்பைக் கையில் கொடுத்தது ஆடி மாதத்தில். ஆவணி வரட்டும் என்று அக்கா கெஞ்சினாள். டென்மார்க்கில் என்ன ஆடி, என்ன ஆவணி என்று அத்தான் சிரித்துவிட்டுச் சாமான்களை இறக்கினார். அடுத்த ஆடி வருமுன் அவர் போய்விட்டார். நெஞ்சு நோகுது என்று படுத்தவர்தான். அதற்குப் பிறகு அவ்வளவு பெரிய வீட்டில் அக்கா தனிய.

நாங்கள் இன்னும் அடுக்குமாடி வீட்டில்தான். பிள்ளைகள் வளர்ந்து போனபிறகாவது ஒரு துண்டு நிலத்தோடு வீடு வாங்குவோம் என்று பார்க்கத் தொடங்கினோம். மகன் ஒடென்சேயில் இருக்கிறான், அங்கே வாங்கோ, வாசலிலேயே ட்ராம் என்றான். போய்ப் பார்த்தோம். என் மனுசன் எந்த வீட்டுக்குப் போனாலும் போனில் திசைகாட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு வாசல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று சுற்றுவார். நான் எங்கே வைத்து மீன் பொரிக்கலாம் என்று பார்ப்பேன். இந்த நாட்டில் குசினியையும் வரவேற்பறையையும் ஒன்றாகத் திறந்து விட்டிருக்கிறார்களே, ஒரு நாள் சூடை மீன் பொரித்தால் சோபா ஒரு மாதம் மணக்காதா? இப்படிப் பார்த்துப் பார்த்து ஒன்றும் சரிவரவில்லை. உண்மையைச் சொன்னால், எந்த வீட்டிலும் அக்கா இல்லை. அதுதான் குறை.

ஒரு நாள் மத்தியானம், முதியோர் இல்லத்து சமையலறையில் நான் வேலை செய்துகொண்டிருந்தபோது அக்கா போன் எடுத்தாள். மூச்சு வாங்கியது.

"எடி, பக்கத்து வீட்டை விக்கப் போகினமாம். எங்கடை வேலிக்கு அங்காலை!"

"உண்மையாவோ?"

"ஓமடி. உடனே வா. அவரையும் கூட்டிக்கொண்டு வா."

கையில் இருந்த உருளைக்கிழங்கைப் போட்டுவிட்டு நான் குளிரறைக்குள் போய் நின்று அழுதேன். சந்தோசத்தில்தான்.

வீடு பார்க்கத் திறந்துவிட்ட நாளில் போனோம். விற்கிற முகவர் வெள்ளைச் சப்பாத்துப் போட்ட இளம் பெடியன். எல்லோருக்கும் காலுக்கு மாட்ட நீலப் பொலித்தீன் உறை நீட்டினான். நாங்கள் பழக்கத்தில் சப்பாத்தையே கழற்றி வாசலில் வைத்துவிட்டோம். என் மனுசன் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அறை அறையாகத் திரும்புவதைப் பார்த்துவிட்டு, "இங்கே இணைய வேகம் மிக நல்லது, கவலைப்படாதீர்கள்" என்றான், பாவம். வாசல் கிழக்கு. இவர் முகத்தில் ஒரு வெளிச்சம்.

நான் பின்பக்கக் கதவைத் திறந்து வளவுக்குள் இறங்கினேன். பீச் மரக் கன்றுகளை நெருக்கி நட்ட வேலி, இன்னும் இடுப்பளவுதான். அந்தப் பக்கம் அக்கா நின்றாள். நல்ல சேலை ஒன்று உடுத்தியிருந்தாள், தானும் வீடு பார்க்க வந்த மாதிரி. நான் போனால் எனக்கென்று எடுக்கிற, நீலப் பூப்போட்ட பெரிய கப் அவள் கையில் இருந்தது. வேலிக்கு மேலால் நீட்டினாள்.

"இந்தா, குடி. இஞ்சி போட்டனான்."

அவ்வளவுதான் நடந்தது. ஆனால் இவ்வளவு காலமும் நான் ஏங்கியது அந்த ஒரு கப் தேத்தண்ணிக்குத்தான். தங்கச்சி தன் வளவில் நிற்க, தமக்கை தன் வளவில் நின்று நீட்டுவது. நாங்கள் எங்கே மீன் பொரிப்பது என்றும் அங்கேயே கதைத்து முடித்தோம். அவளுடைய கார்க் கொட்டிலில் இருக்கிற அடுப்பு இரண்டு வீட்டுக்கும் காணும். இவர் குளியலறையைப் பார்க்க வரச்சொல்லிக் கூப்பிட, கப்பை வெளி யன்னல் விளிம்பில் வைத்துவிட்டு ஓடினேன்.

பிறகு அக்கா வீட்டில் இருந்து பேசினோம். ஆடி பிறந்திருந்தது. எனக்கு அது நினைவிலேயே இல்லை.

"கையெழுத்து இப்ப வைப்பம். பால் காய்ச்சிறதை ஆவணியில நாள் பார்த்துக் காய்ச்சுவம்," என்றார் என் மனுசன்.

அக்காவின் முகம் செத்துப்போய்விட்டது.

"வேண்டாம். கையெழுத்தும் தொடக்கம்தான். ஆடியில குடிவந்துதானே நான் அவரைப் பறிகுடுத்தன். இவருக்கு ஒண்டு நடந்தா, உன்ரை முகத்தை நான் வேலிக்கு மேலால எப்பிடியடி பார்ப்பன்?"

அந்த வீட்டில், அத்தானின் படத்துக்கு முன்னால் இருந்துகொண்டு, அது வெறும் நம்பிக்கை என்று சொல்ல முடியுமா? ஆவணி வரட்டும் என்று இருவரும் ஒத்துக்கொண்டோம். மகளிடம் போனில் சொன்னபோது அவள் டெனிஷில், "அம்மா, ஜூலை வெறும் ஜூலைதான்" என்றாள். அவளுக்குச் சொல்லுவது சுலபம். நாடு முழுவதும் விடுமுறையில் போய்விட்டதே, இந்த வெயிலில் கடற்கரையை விட்டு எவன் வீடு வாங்க வரப்போகிறான் என்று நாங்களும் எங்களைத் தேற்றிக்கொண்டோம். முகவர்ப் பெடியன் போன் எடுத்து வேறு ஆட்களும் கேட்கிறார்கள் என்றான். அவனுடைய தொழில் அப்படித்தான் சொல்லும் என்று நினைத்தோம்.

ஆவணி பிறந்து முதல் நல்ல நாள், நல்ல நேரம் பார்த்து, குளித்து விளக்கேற்றிவிட்டு இவர் போன் எடுத்தார். வீடு போய்விட்டது.

அக்கா தலையில் அடித்து அழுதாள். நான்தான் கெடுத்தனான் என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். விடுங்கோ அக்கா, உங்கடை மனம் நிம்மதியா இருந்தாப் போதும் என்று சொன்னேன். வாய் சொன்னது. உள்ளுக்குள் எனக்குக் கோபம் கொதித்தது. யாரில் என்றுதான் தெரியவில்லை. ஆடியிலா, அக்காவிலா, சிரித்துச் சிரித்துச் சாமான் இறக்கிய அத்தானிலா? அந்தப் பகுதியில் இப்போது ஒரு வீடு விலைக்கு வந்தால், நாங்கள் கார் எடுத்துப் போய்ச் சேருமுன் யாரோ கொத்திக்கொண்டு போகிறார்கள். இவர் இன்னும் திசைகாட்டியோடு சுற்றுகிறார். நான் இன்னும் அடுக்குமாடியில்தான்.

பக்கத்து வீட்டுக்கு வந்தது கைக்குழந்தையோடு ஒரு இளம் டெனிஷ் சோடி. வந்த கிழமையே அந்தப் பெண் வேலிக்கரைக்கு வந்து, யன்னல் விளிம்பில் இருந்தது, உங்களுடையதா என்று கேட்டு என் கப்பை நீட்டினாளாம். அக்கா அதை வாங்கிக் கழுவி, தேத்தண்ணி ஊற்றி அவளிடமே திருப்பிக் கொடுத்திருக்கிறாள். வெறுங்கப்பாய் எப்பிடியடி வாங்கி வைக்கிறது என்று என்னிடம் கேட்டாள். குழந்தை அக்காவின் தாலாட்டுக்குத்தான் நித்திரை கொள்ளுதாம். இதையெல்லாம் சொல்லி அவள் சிரித்தது, அத்தான் போனபிறகு நான் கேட்காத சிரிப்பு.

நான் சந்தோசப்படத்தானே வேண்டும். என் அக்கா தனிய இல்லை. படுகிறேன், பட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் வேலிக்கரையில் அந்தப் பெண் நிற்கிற இடம் என்னுடையது.

வேலை முடிந்து பஸ்ஸில் ஏறியதும் அக்காவுக்குப் போன் எடுப்பது என் வழக்கம். முன்பென்றால் மணி அடிக்கவே தூக்குவாள். நேற்று வெகுநேரம் அடித்தபிறகுதான் எடுத்தாள்.

"இருடி பிள்ளை, அவள் வேலியில நிக்கிறாள். தேத்தண்ணியைக் குடுத்திட்டு வாறன்."

போனை அப்படியே மேசையில் வைத்துவிட்டுப் போனாள். கரண்டி கப்பில் தட்டுப்படும் சத்தம் கேட்டது. பின்கதவு திறந்தது. அக்காவின் உடைந்த டெனிஷும் அந்தப் பெண்ணின் சிரிப்பும் தூரத்தில் கேட்டன. என் தரிப்பு வந்தது. நான் இறங்கவுமில்லை, போனை வைக்கவுமில்லை.