மனசாரத் தோற்கடிக்க ஒரு ஆள்

என் வீட்டுக்காரர் அத்தாவுல்லா குரோம்பேட்டைப் பட்டறை ஒன்றில் லேத் ஓட்டி ஓய்வு பெற்றவர். நான் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். சேலையூரில் சின்னதாகச் சொந்த வீடு. மகன் அசார் ரியாத்தில் இருக்கிறான். மகள் அஃப்ஷானும் மருமகன் தௌசிப்பும் நாவலூரில் ஃபிளாட் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

2007 கோடையில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை, வலது கால். பேச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதனால் வீட்டில் சத்தம் குறையவில்லை. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதில் பாதி திரும்பியது. மீதியை வீட்டில் நான் பார்த்துக்கொண்டேன். நோயாளியால் முடிந்த வேலையை நாம் செய்துவிடக் கூடாது என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம். சட்டைப் பொத்தானோடு அவர் எவ்வளவு நேரம் மல்லுக்கட்டினாலும் நான் அடுப்பங்கரையை விட்டு வரமாட்டேன். பக்கத்து வீட்டுத் திரிபுரசுந்தரிக்கு அதைப் பார்க்கப் பொறுக்காது.

"என்ன சிஸ்டர், உங்க மனசு கல்லா?"

"கல்லுதாம்மா. விழறவங்க பிடிச்சுக்கறதுக்குக் கல்லுதான் நல்லது."

கையால் பிசையச் சொல்லி ரப்பர் பந்து கொடுத்தார்கள். அதை அவர் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார். நான் ஒரு தட்டில் அரிசியைக் கொட்டி, அதற்குள் கேரம் காய்களைப் புதைத்து வைத்தேன். வலது கையால் தேடி எடுக்க வேண்டும். அதை மட்டும் ஒரு நாளும் தட்டிக் கழித்ததில்லை. சினிமா, சீட்டு, சிகரெட் எதுவுமே இல்லாத மனிதருக்குக் கேரம் ஒன்றுதான் பழக்கம். எங்கள் தெரு மன்றத்தில் குடியரசு தினத்துக்கு இரட்டையர் போட்டி நடக்கும். மின்சார வாரியத்தில் லைன்மேனாக இருந்த வேதாசலமும் இவரும் வருஷக்கணக்கில் அதில் ஜோடி.

நவம்பரில் விரல்கள் ஸ்ட்ரைக்கரைத் தட்டும் அளவுக்கு வந்தன. வேதாசலம் வந்து உட்கார்ந்தார்.

"பாய், பேரு குடுத்துடட்டா?"

"கொஞ்சம் பொறு. கை என்ன சொல்லுதுன்னு பாக்கறேன்."

"நீ ஆடலன்னா நானும் ஆடல. அவ்ளோதான்."

"உன் ஆட்டத்தையும் நான் கெடுக்கணுமா? வேற ஜோடி பாரேன்யா."

"இந்த வயசுல புது சம்சாரமா தேடச் சொல்ற?" என்று சொல்லிவிட்டு வேதாசலம் போய்விட்டார்.

அன்றிலிருந்து இவருக்கு அதே கவலை. கை சரியில்லாமல் பெயர் கொடுத்தால் வேதாசலமும் சேர்ந்து தோற்பார். தோற்றாலும் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லமாட்டார். அதனால் தாம் நிஜமாகவே ஆடுகிறோமா என்பது இவருக்கு முன்கூட்டியே தெரிந்தாக வேண்டும்.

அந்த வருஷம் பக்ரீத்தும் கிறிஸ்துமஸும் ஒரே வாரத்தில் வந்தன. அசார் லீவில் வந்தான். நாவலூரிலிருந்து மகளும் மருமகனும் வந்தார்கள். வீடு கொள்ளாத கூட்டம், கறி வாசனை. நடுக்கூடத்தில் கேரம் போர்டு. இவர் ஆடினார், ஜெயித்தார். மறுபடியும் ஆடினார், மறுபடியும் ஜெயித்தார். மகனைத் தோற்கடித்தார், மருமகனைத் தோற்கடித்தார், பார்க்க வந்த உறவுக்காரர்கள் எல்லாரையும் தோற்கடித்தார். எனக்குக் கேரம் தெரியாது. ஆனால் நோயாளியைப் பார்க்க வருகிறவர்களின் முகம் தெரியும். "நல்லா தேறிட்டீங்க" என்று சொல்லும்போது அவர்கள் கண் வேறு எங்கோ இருக்கும். ஸ்ட்ரைக்கரைத் தட்டும்போது தௌசிப்பின் கண்ணும் அப்படித்தான் இருந்தது.

இவருக்கும் சந்தேகம் வந்திருக்க வேண்டும். பண்டிகை முடிந்த ஒரு மத்தியானம் மகனையும் மருமகனையும் எதிரே உட்காரவைத்து, வேண்டுமென்றே தப்பாக ஆட ஆரம்பித்தார். பாக்கெட் வாசலில் நின்ற காயை விட்டுவிட்டு எங்கோ அடித்தார். அசார் அதைவிடக் கேவலமாக அடித்தான். தௌசிப் ஸ்ட்ரைக்கரையே பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். காய்கள் போர்டைச் சுற்றிச் சுற்றி வந்தன, ஒன்றும் விழுகிறபாடாக இல்லை. நான் வைத்த டீயில் ஏடு கட்டிவிட்டது.

அஃப்ஷான் வந்து எட்டிப் பார்த்தாள். "இன்னுமா அத்தா ஒரு போர்டு முடியல?"

"எப்படிம்மா முடியும்? மூணு பேரும் தோக்கறதுக்குத்தானே போட்டி போடறோம்."

தௌசிப்புக்கு முகம் சிவந்துவிட்டது. "இல்ல மாமா, பவுடர் சரியில்ல."

"பவுடர் நல்லாத்தான் இருக்கு மாப்ள. உங்க மனசுதான் வழுக்குது."

அசாருக்குக் கோபம். "உங்கள ஜெயிச்சு நான் என்னத்த கிழிக்கப்போறேன் அத்தா? சந்தோஷமா இருங்கன்னுதானே விட்டோம்!"

"வேதாசலத்துக்கு நான் பதில் சொல்லணும்டா. உன் சந்தோஷத்த வச்சு என்னத்த சொல்றது?"

அதற்குப் பிறகு அவர்கள் சத்தியம் செய்துவிட்டு ஆடினார்கள். அப்போதும் இவரே ஜெயித்தார். ஆனால் அது நிஜமா என்று கண்டுபிடிக்க இனி வழியில்லை. சாயங்காலம் என்னிடம் கேட்டார்: "நீ சொல்லு பரிதா. நான் ஆடறேனா, இல்ல இவங்க ஆட வைக்கறாங்களா?"

"கை நல்லா திரும்பியிருக்கு, அது எனக்குத் தெரியும். ஆட்டம் எனக்குத் தெரியாது. உங்களத் தெரிஞ்சவன் எவனும் உண்மை சொல்லமாட்டான். உங்களத் தெரியாதவன்கிட்ட போவோம்."

இப்படித்தான் எங்கள் ஊர்சுற்றல் ஆரம்பித்தது. பிள்ளைகளிடம் "சும்மா வெளியே போய்ட்டு வரோம்" என்று சொல்லிவிட்டு, மாத்திரை, தண்ணீர், பிஸ்கட்டோடு பஸ் ஏறினோம்.

முதலில் பொழிச்சலூர். அங்கே ஒரு மன்றத்தில் கேரம் ஆடுவார்கள் என்று கேள்வி. படியில் அவர் தடுமாறாமல் இருக்க நான் கையைப் பிடித்துக்கொண்டேன். செயலாளர் சுப்ரமணியன் பார்த்ததும் எழுந்து நின்றார். "வாங்க சார், வாங்க. டேய், முதுகுக்கு ஒரு தலகாணி குடு!" தலகாணி வந்தது, சோடா வந்தது, வெற்றியும் வந்தது. திரும்பி வரும் பஸ்ஸில் இவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நீ என் கையப் பிடிச்சப்பவே அந்த ஆளு தோத்துட்டான்."

எனக்குச் சுருக்கென்றது. நியாயம்தான். அடுத்த நாள் முதல் தெருமுனை வரை அவரைத் தனியாக நடக்கவிட்டேன். கைத்தடியும் இல்லை, பின்னால் நானும் இல்லை. வாசலில் நின்று பார்த்ததோடு சரி.

அடுத்த பயணம் கோவளம். தர்காவில் இருவரும் துஆ செய்துவிட்டு வந்தோம். கடற்கரைப் பக்கம் ஒரு கொட்டகையில் கேரம் நடந்துகொண்டிருந்தது. நான் தர்கா பக்கத்து நிழலிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவர் தனியாகப் போனார். மணலில் கால் புதைகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். எழுந்திருக்கவில்லை.

வெகுநேரம் கழித்துத் தூரத்தில் அவர் வருவது தெரிந்தது. வலது காலைக்கூட அவ்வளவாக இழுக்கவில்லை. முகமெல்லாம் சிரிப்பு.

"பரிதா, சுத்தமா தோத்துட்டேன்!"

"யார்கிட்ட?"

"ஜோஷ்வான்னு ஒரு பையன். ரெண்டு காய்க்கு மேல எடுக்கவிடல. 'நைனா, நீ வூட்டுக்குப் போயி பேத்தியோட ஆடு'ன்னு சொல்லிட்டான்."

"அதுக்கு இவ்வளவு சந்தோஷமா?"

"பின்ன? உடம்பு கெட்டதுலேர்ந்து எவனும் என்னை ஒரு வார்த்தை திட்டல."

"நான் தினமும் திட்டறேனே."

"அது மருந்து. கணக்குல சேராது."

தோற்றதில் குறை எங்கே என்று தெரிந்துவிட்டது. நேர் அடி சரியாக இருக்கிறது. ஸ்ட்ரைக்கரைப் போர்டின் எதிர்ச் சட்டத்தில் மோதவிட்டு, பின்னால் இருக்கும் காயை எடுக்கும் பேக் ஷாட்டில்தான் மணிக்கட்டு திரும்பவில்லை. அது என் இலாகா. ஈரத் துண்டை முறுக்கிப் பிழியவைத்தேன், பாட்டில் மூடிகளைத் திறக்கவைத்தேன், சப்பாத்திக்கு மாவு பிசையவைத்தேன். அசார் அதற்குள் ரியாத் போய்விட்டான். இல்லாவிட்டால் அத்தாவை வேலை வாங்குகிறேன் என்று சண்டைக்கு வந்திருப்பான். இவர் தனியாக உட்கார்ந்து பேக் ஷாட் அடித்துக்கொண்டே இருந்தார். இன்னொரு முறை கோவளம் போனோம். அப்போதும் தோற்றார். ஆனால் ஜோஷ்வா யோசித்து ஆட வேண்டியிருந்ததாம்.

பொங்கல் முடிந்து பள்ளிக்கரணை. மெயின் ரோட்டிலேயே ஒரு தகரக் கொட்டகை, உள்ளே போர்டு. எதிரே டீக்கடை பெஞ்சில் நான் உட்கார்ந்தேன். அங்கிருந்து எல்லாம் தெரிந்தது, கேட்டது. எதிராளி மாரி, லோடு ஆட்டோ ஓட்டுகிறவர்.

"இன்னா பெரிசு, ஆட்றியா, வேடிக்க பாக்க வந்தியா?"

"ஆடத்தான்."

"தோத்தா டீ உன்து."

மாரி நன்றாகவே ஆடினார். இவரும் விடவில்லை. கடைசியில் இவருக்கு ரெட் காயும், அதைத் தொடர்ந்து போட வேண்டிய ஃபாலோ காய் ஒன்றும் பாக்கி. ரெட் விழுந்தது. ஃபாலோ காய் இவர் பக்கத்துக் கோட்டுக்கும் பின்னால் ஒட்டிக்கொண்டு நின்றது. பேக் ஷாட்தான் வழி. ஸ்ட்ரைக்கர் எதிர்ச் சட்டத்தில் மோதித் திரும்பி வந்து காயைத் தட்டியது. காய் விழுந்தது.

சுற்றி நின்றவர்கள் கத்தினார்கள். மாரி எழுந்தே நின்றுவிட்டார். "ஏய், இன்னா பெரிசு இது? காயி இங்க கீது, நீ அங்க அட்ச்சி இங்க போட்ற! இன்னொரு போர்டு போடு. வுடமாட்டேன் உன்ன!" சிரித்த ஒருவரைப் பார்த்து, "இன்னாடா இளிக்கிற? கம்னு இரு!" என்று சீறினார். நான் டீயை வைத்துவிட்டு அந்தக் கோபத்தைக் கண் நிறையப் பார்த்தேன். அதில் கலப்படமே இல்லை.

டீ வந்தது. டம்ளரைப் பிடித்த இவர் கை நடுங்கியது. மாரி கவனித்துவிட்டார்.

"இன்னா நைனா, கை இப்பிடி ஆடுது?"

"போன கோடையில பக்கவாதம்."

மாரி தன் டம்ளரைக் கீழே வைத்தார். "அய்ய, மின்னாடியே சொல்றதில்ல? வுட்டுக் குடுத்திருப்பேன்."

"அதுக்குத்தான் சொல்லல."

மாரி தலையைச் சொறிந்தார். பிறகு காய்களை நடுவில் அடுக்கினார். "சர்தான், குந்து. இந்தத் தபா வுடமாட்டேன்." விடவில்லை. அந்த போர்டில் இவரை நன்றாகவே தோற்கடித்தார். கை கொடுத்து அனுப்பினார்.

சேலையூர் திரும்பியதும் இவர் வீட்டுக்கு வரவில்லை. நேரே வேதாசலம் வீட்டுக்குத் தனியாக நடந்து போய், "பேரு குடுய்யா" என்று சொல்லிவிட்டு வந்தார்.

குடியரசு தினத்தன்று மன்றத்தில் கொடி ஏற்றி மிட்டாய் கொடுத்த பிறகு ஆட்டம் ஆரம்பித்தது. முதல் சுற்றில் ஜெயித்தார்கள். இரண்டாவதிலும் ஜெயித்தார்கள், அதில் கடைசி இரண்டு காய் இவருடையது. மூன்றாவதில், ஜெயிக்கும் நிலையில், வேதாசலம் அவசரப்பட்டு ஸ்ட்ரைக்கரைக் காயோடு சேர்த்து பாக்கெட்டில் போட்டார். விழுந்த காய் வெளியே வந்தது, அபராதமாக இன்னொன்றும் வந்தது. ஆட்டம் கை நழுவியது.

"அறிவிருக்காய்யா உனக்கு? நிதானமா அடிக்கக்கூடாதா?" என்று இவர் எல்லார் முன்னாலும் கத்தினார்.

"ரெண்டு மாசமா உன் கைக்குத்தான் சாமிகிட்ட வேண்டிக்கினேன் பாய். என் கைக்கு வேண்டிக்க மறந்துட்டேன்!"

"பாக்கெட்டுல விழுந்த காய எடுத்து வெளிய வச்சிட்டு வேண்டுதலாம்!"

"நீ மட்டும் என்ன, அந்த ரெட் காய அப்பவே முட்ச்சிருந்தா இந்தப் பேஜாரே இல்ல!"

ஜெயித்த பையன்களில் ஒருவன் என் பக்கம் குனிந்து, "ஆன்ட்டி, நாங்க பாயோட பேக் ஷாட்டுக்குத்தான் பயந்தோம்" என்றான். நான் தலையாட்டினேன். அந்த மணிக்கட்டு எப்படித் திரும்பியது என்று அவனிடம் சொல்லவில்லை.

இரண்டு கிழவர்களும் மன்றத்து வாசலில், தெருவே வேடிக்கை பார்க்க, ஒருவரை ஒருவர் விடாமல் ஏசிக்கொண்டு நின்றார்கள். இருவரும் இம்மியும் விட்டுக்கொடுக்கவில்லை. வேலை பார்த்த காலத்தில் எத்தனையோ பேரை நடக்கவைத்து வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன். தெருவில் நின்று சண்டை போடும் அளவுக்குத் தேற்றியது இவர் ஒருவரைத்தான்.