அரைப் போத்தல் பாலும் ஒரு கட்டட ஒப்பந்தமும்

ஜெர்மனியில் வீடு எழும்ப முன்னர் கோப்புத்தான் எழும்பும். அந்தக் கோப்பின் கடதாசிகளுக்குத் துளை போடுவது என் வேலை. பெர்லினில் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கி, அகதி முகாமில் இருந்து, வேலை அனுமதி கிடைத்து, ஹம்பேர்க்கில் ஒரு சட்டத்தரணியின் கந்தோரில் சேர்ந்திருந்தேன். ஹெர் வெஸல் என்ற அவர் வரி ஆலோசகரும்கூட. ஊரில் நான் எடுத்த பொருளியல் பட்டத்தை அங்கே யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை, எதையுமே வாய் திறந்து சொல்லாத ஆள் நான். கடிதப்பெட்டியில் அரசாங்கக் கந்தோர்களின் ஜன்னல் வைத்த உறையைக் கண்டதும் நெஞ்சு இடிக்கிறவர்களுக்கு இனி நான் எழுதுவது விளங்கும்.

எங்களிடம் வீட்டு அலுவலாக வந்த முதல் தமிழ்க் குடும்பம் ஞானம் அண்ணையும் மலர் அக்காவும். அகதிகள் வரத் தொடங்க முன்னரே படிக்க வந்து, ஒரு தொழிற்சாலையில் வேலையோடு நின்றுவிட்டவர் அண்ணை. அவர்கள் இருந்த வாடகை வீட்டுச் சுவரெல்லாம் பூஞ்சணம். ஏழு வயது மகள் துர்க்காவுக்கு மூச்சிழுப்பு. ஈரமில்லாத அறை வேண்டும் என்று டொக்டர் சொல்லிவிட்டார். வாடகைக்குத் தந்த வீட்டுக்காரரோ, "நீங்கள் சமைக்கும்போது ஜன்னலைத் திறப்பதில்லை" என்று சொல்லிவிட்டார். அண்ணை சொந்த வீடு கட்டுவதென்று முடிவெடுத்தது அந்தக் கிழமைதான்.

பத்தரைக்கு முன்னர்

காணி உறுதி முடிக்கும்போது நொத்தாரிசு முழுவதையும் சத்தமாக வாசிக்கவேண்டும் என்பது இந்த நாட்டுச் சட்டம். ஒரு வரியும் விடக்கூடாது. நான் பக்கத்தில் இருந்து தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அது வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகு காலம் தொடங்கும். பத்தேகால் ஆனபோது இன்னும் ஆறு பக்கம் இருந்தது. அக்கா சுவர் மணிக்கூட்டைப் பார்ப்பதும் என் முழங்கையை இடிப்பதுமாக இருந்தா. "பிள்ளை, அந்தாளைக் கொஞ்சம் கெதியா வாசிக்கச் சொல்லும். இந்த வேகத்தில போனால் ராகு வந்து கையெழுத்து வைக்கும்."

முகம் சூடாகி, "பத்தரைக்குப் பிறகு எங்களுக்கு நல்ல நேரம் இல்லை" என்று ஜெர்மனில் முணுமுணுத்தேன். நொத்தாரிசு கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, எஸ்-பான் ரயில் மாதிரி வாசித்தார். பத்து இருபத்தெட்டுக்கு அண்ணை கையெழுத்து வைத்தார். பேனாவை மூடிக்கொண்டு நொத்தாரிசு சொன்னார்: "இருபது வருடமாக வாசிக்கிறேன். முடிவு என்ன ஆகுமோ என்று யாரும் இவ்வளவு ஆவலோடு கேட்டதில்லை."

இல்லாத வீட்டுக்கு வரி

காணிக்குக் காணி வாங்கும் வரி உண்டு. அது எல்லோருக்கும் தெரியும். இரண்டு மாதத்தில் வரிக் கந்தோரிலிருந்து வந்த கடிதம் காணிக்கு மட்டுமல்ல, கட்டப்போகும் வீட்டுக்கும் சேர்த்து வரி கேட்டது. அப்போது காணியில் புல்லும் ஒரு மரக்கட்டையும்தான் இருந்தன.

ஹெர் வெஸல் பொறுமையாக விளங்கப்படுத்தினார். இந்தக் கட்டடக்காரரிடம் வீடு கட்டினால்தான் இந்தக் காணி கிடைக்கும் என்று கட்டட ஒப்பந்தத்தில் ஒரு வாசகம் இருக்கிறது. இரண்டும் ஒன்றோடொன்று கட்டப்பட்டிருந்தால், இரண்டும் ஒரே கொள்வனவு என்றுதான் வரிக் கந்தோர் பார்க்கும். அந்த வாசகத்தை நான் தட்டச்சுச் செய்யும்போதே கண்டிருந்தேன். இதில் ஏதோ இருக்கிறது என்று நினைத்தேன். கேட்கக் கூச்சப்பட்டு விட்டுவிட்டேன். முன்னரே சொல்லியிருந்தாலும் வரி வந்துதான் இருக்கும். ஆனால் அண்ணை இப்படி அந்தரப்பட்டிருக்கமாட்டார். அழுகையை அடக்கிக்கொண்டு அதை ஒப்புக்கொண்டேன். அண்ணை கடிதத்தை மடித்துப் பையில் வைத்தபடி சிரித்தார்.

"விடும் தங்கச்சி. பொம்பிளை பாத்திட்டு வர முன்னமே பிள்ளைக்கும் பதிவு போட்டிட்டாங்கள், அவ்வளவுதான்."

தேங்காய்

கூரை மரம் ஏற்றிய அன்று தச்சர்கள் இந்த நாட்டு வழக்கப்படி உச்சியில் பச்சை மாலை கட்டி, வாழ்த்துச் சொல்லி, குடித்த கிளாசைக் கீழே எறிந்து உடைத்தார்கள். நல்ல காரியத்தில் கண்ணாடி உடைகிறதே என்று அக்கா பதறிப்போனா. உடனே காரைத் திறந்து, வடைச் சட்டிக்குப் பக்கத்தில் இருந்த தேங்காயை எடுத்து வாசலில் ஓங்கி உடைத்தா. தலைமை மேசன் யென்சன் துள்ளிவிட்டார். பிறகு தேங்காய்ச் சொட்டு ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்த்தார்.

"உங்கள் முறைதான் நல்லது. உடைத்ததைச் சாப்பிடலாம்."

ஆவணியும் புரட்டாதியும்

இந்த நாட்டில் வீடு கட்டி முடிந்தால் அப்னாமே என்று ஒன்று இருக்கிறது. சுற்றிப் பார்த்து, பிழைகளை எழுதி, இனி இது என் பொறுப்பு என்று கையெழுத்து வைப்பது. அதுவரைக்கும் வேலை சரி என்று காட்டவேண்டியது கட்டடக்காரர். கையெழுத்துக்குப் பிறகு, பிழை கட்டடக்காரருடையது என்று நிரூபிக்கவேண்டியது நாங்கள். இதைப் பத்துக் கடிதத்திலாவது நான் தட்டச்சுச் செய்திருப்பேன்.

கட்டடக்காரர் வீட்டைத் தருவதாகச் சொன்ன நாள் புரட்டாதிக்குத் தள்ளிப்போனது. புரட்டாதியில் பால் காய்ச்சிப் புது வீட்டில் குடிபூரக் கூடாது. ஊர்ச் சாத்திரியார் எழுதி அனுப்பிய நாளோ ஆவணியில். யென்சனிடம் ஒரு மணித்தியாலத்துக்குச் சாவி வாங்கி, காம்பிங் அடுப்பில் அக்கா பால் காய்ச்சினா. நானும் போனேன். ஒரு சீமெந்துப் பையின் மேல் குந்திக்கொண்டு பால் குடித்தேன். துர்க்காவின் அறைச் சுவரில் சாப்பாட்டுத் தட்டளவு ஈரம் இருந்ததை அன்றுதான் கண்டோம்; யென்சனைக் கூப்பிட்டுக் காட்டினோம். அத்தனை கடிதம் தட்டச்சுச் செய்தும் என் மண்டையில் ஒன்றும் தட்டவில்லை.

மூன்று கிழமையில் கட்டடக்காரரின் கடிதம் வந்தது. ஆவணியிலேயே வீட்டைப் பாவிக்கத் தொடங்கிவிட்டீர்கள், ஆகவே பொறுப்பேற்றுவிட்டீர்கள். ஈரம் நீங்கள் ஜன்னல் திறக்காமல் சமைத்ததால் வந்தது. நான் வாசித்து முடிக்க, துர்க்கா கதிரையில் இருந்து இருமிக்கொண்டிருந்தாள். அக்கா அவளுடைய முதுகைத் தடவினா.

"அரைப் போத்தல் பால் காய்ச்சினதுக்கே வீட்டை ஏற்றாச்சு எண்டுறாங்கள். ஒரு கறி வைச்சிருந்தால் பக்கத்து வீட்டையும் சேத்துத் தந்திருப்பாங்களோ?"

சாட்சி

ஹெர் வெஸல் கேட்டபடி புது வீட்டிலேயே எல்லோரும் கூடினோம். கட்டடக்காரர், யென்சன், ஹெர் வெஸல், அண்ணை, அக்கா, நான். நான் மொழிபெயர்க்க மட்டும்தான் வந்தேன் என்று நினைத்திருந்தேன். ஹெர் வெஸல் திரும்பி, "அன்று இங்கே இருந்தவர் இவர். இவரே சொல்லட்டும்" என்றார். கட்டட ஒப்பந்தத்தில் நான் சொல்லாமல் விட்ட அந்த ஒரு வாசகம் ஞாபகம் வந்தது.

சொன்னேன். குசினியில் குழாய் பூட்டவில்லை; தண்ணீரைப் பிளாஸ்டிக் கானில் கொண்டுவந்தோம். லைட் இல்லை. கட்டில் இல்லை. புது வீட்டில் முதலில் பால் பொங்கினால் நன்மை பெருகும் என்பது எங்கள் நம்பிக்கை. அது கோயிலில் விளக்கு வைப்பது போல, குடியிருப்பது அல்ல. ஒரு மணித்தியாலத்தில் பூட்டிச் சாவியைக் கொடுத்தோம். ஜன்னல்கள் முழு நேரமும் திறந்திருந்தன, இல்லாவிட்டால் சாம்பிராணிப் புகையில் எங்களால் இருக்க ஏலாது. ஈரத்தை அன்றைக்கே ஹெர் யென்சனுக்குக் காட்டினோம்.

கட்டடக்காரர் யென்சனைப் பார்த்தார். சம்பளம் கொடுக்கிறவரின் பார்வை அது. யென்சன் தொப்பியைக் கழற்றினார்.

"ஈரத்தை எனக்குக் காட்டினார்கள். அந்தப் பாலில் ஒரு கோப்பை நானும் குடித்தேன். அதுதான் குடிவந்த கணக்கென்றால், நானும் இந்த வீட்டுக்காரன்."

திரும்பவும்

வேறு வழியில்லாமல் கட்டடக்காரரின் ஆட்களே வந்து சுவரை வெளிப்பக்கமாகத் தோண்டினார்கள். மழைத் தண்ணீரை மறிக்கும் பூச்சு ஓரிடத்தில் பூசப்படாமலே இருந்தது. ஐப்பசி முடிவில் காய்ந்த சுவரில் அக்கா முதலில் கையை வைத்துப் பார்த்தா, பிறகு கன்னத்தை வைத்தா, பிறகுதான் அண்ணையை அப்னாமேயில் கையெழுத்து வைக்க விட்டா. அன்று பின்னேரம் துர்க்கா மாடிப்படியில் ஏறி இறங்கி ஓடினாள். நாங்கள் மூன்று பேரும் அவளுடைய மூச்சையே கேட்டுக்கொண்டிருந்தோம். இழுப்புச் சத்தம் இல்லை.

அக்கா என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "முதல் காய்ச்சினது வழக்கில போயிட்டுது. திரும்ப ஒருக்காக் காய்ச்சலாமோ எண்டு உம்மட ஐயாட்டைக் கேட்டுச் சொல்லும்" என்றா. கேட்டேன். ஹெர் வெஸல் கையெழுத்தின் மை காய்ந்துவிட்டதா என்று விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இனி ஒரு மாட்டையே கொண்டுவந்து கட்டலாம். எனக்கும் ஒரு கோப்பை."

அன்றிலிருந்து எங்கள் ஆக்களின் கட்டட ஒப்பந்தம் எது மேசைக்கு வந்தாலும், விலையையும் வரியையும் ஹெர் வெஸல் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டு, கூச்சப்படாமல் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: "பால் எப்ப காய்ச்சப்போறியள்?"