கொய்யாவுக்கும் சப்போட்டாவுக்கும் தீர்ப்புக் கேட்க ஸ்ரீரங்கம் போனோம்

போன புரட்டாசி மூன்றாவது சனிக்கிழமை நானும் என் வீட்டுக்காரி பொன்னம்மாவும் மருங்காபுரியிலிருந்து ஸ்ரீரங்கம் போய் வந்தோம். அவளுக்குப் பெருமாள் வேண்டுதல். எனக்கு மரங்களைப் பற்றிய வேண்டுதல். முதியோர் பள்ளியில் எழுத்துக் கற்று எனக்கு இன்னும் ஒரு வருஷம் ஆகவில்லை. ஒரு வரி எழுத வெகு நேரம் பிடிக்கிறது. ஆனாலும் எங்கள் பக்கத்தில் பழமரம் வைக்க நினைப்பவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

எங்கள் கிணற்றைச் சுற்றி நாலு கொய்யா, நாலு சப்போட்டா. கொய்யா அவள் வைத்தது. பதியன் கன்று, மூன்றாம் வருஷமே காய்த்துக் கொட்டியது. சப்போட்டா நான் வைத்த ஒட்டுக் கன்று. ஐந்தாம் வருஷம்தான் மரம் நிறையக் காய்த்தது. கொய்யாவைப் போல இதுவும் பழுத்து நிறம் மாறட்டும் என்று காத்திருந்தோம். இதுவோ பிஞ்சிலிருந்தே மண் நிறம். மரத்தில் கனிந்ததையெல்லாம் வௌவால் தின்றது. மீதியில் சிலதைப் பறித்த கையோடு கடித்துப் பார்த்தோம். நாக்கு தடித்துவிட்டது. பால் பட்டு உதடு இரண்டும் ஒட்டிக்கொண்டன.

"உங்க சீமைப் பழத்தைத் தின்னுட்டு அரை நாளா வாயைத் தொறக்க முடியலைங்க" என்றாள் பொன்னம்மா. அந்த அரை நாளைப் பற்றி எனக்குக் குறை ஒன்றும் இல்லை.

ஆனால் கோடையில் எங்கள் கிணற்றுத் தண்ணீர் எட்டு மரத்துக்குப் போதாது. சப்போட்டா நாலையும் வெட்டிவிட்டு அங்கேயும் கொய்யா வைப்பதென்று அவள் முடிவு செய்துவிட்டாள். ஸ்ரீரங்கத்துத் தோட்டங்களில் சப்போட்டா சர்க்கரையாய் இனிக்கிறது என்று நான் கேள்விப்பட்டிருந்தேன். "போய்ப் பார்ப்போம், வழி தெரியலைன்னா திங்கக்கிழமை நானே வெட்டிடுறேன்" என்று வாக்குக் கொடுத்தேன். சாட்சிக்கு எங்கள் மரத்துக் காய் இரண்டை அவள் பையில் போட்டுக்கொண்டாள்.

விடியற்காலை முதல் பஸ்ஸில் ஏறினோம். திருச்சிக்கு ஏறக்குறைய முப்பத்தைந்து மைல், இரண்டு மணி நேரம், தலைக்கு ஒன்றேகால் ரூபாய். ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வழியில் வந்த பலகைகளையெல்லாம் வாசித்துக்கொண்டே போனேன். மன்னார்புரம் முனை வந்ததும் கண்டக்டர் குரல் கொடுக்குமுன் நான் சொல்லிவிட்டேன். பொன்னம்மாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

திருச்சியில் இறங்கி ஸ்ரீரங்கம் பஸ் பிடித்தோம். பலகையில் முதல் எழுத்து மட்டும் எனக்கு மசியவில்லை. ஆனால் அதன் பின்னால் 'ரங்கம்' என்று இருந்ததால் தைரியமாக ஏறினேன். தென்னூர் தாண்டுவதற்குள் வெற்றிலைக் கடை, சைக்கிள் கடை, டாக்டர் வீடு என்று ஒன்றையும் விடவில்லை. முன் சீட்டில் இருந்தவர் திரும்பி, "பெரியவரே, எங்க ஸ்டாப் வந்தா எழுப்பி விட்டுடுங்க, நான் தூங்குறேன்" என்றார். பஸ்ஸே சிரித்தது. எனக்குப் பெருமைதான்.

கோயிலில் கூட்டம் நெரிந்தது. சேவித்துவிட்டு வெளியே வர மூன்று மணி நேரம் ஆயிற்று. விரதம் இருந்த பொன்னம்மா, மொட்டைக் கோபுரத்துக்குக் கிட்டே ஒரு பழக்காரி கூடையைப் பார்த்ததும் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். கூடையில் சப்போட்டா. பழக்காரி ஒன்றைப் பிட்டுக் கொடுத்தாள். வாயில் போட்ட பொன்னம்மா என்னைப் பார்க்கவே இல்லை.

"ஏம்மா, இதுல சர்க்கரை கிர்க்கரை போட்டியா?"

"சர்க்கரை விக்கிற விலைக்கு, பழத்துல வேற போடுவாங்களாக்கும்! கொள்ளிடக் கரையில வரதன் ஐயங்கார் தோட்டத்துப் பழம்மா. வேணும்னா நேராப் போயிக் கேளுங்க."

வடக்கே விசாரித்துக்கொண்டே நடந்தோம். வெயில் கொளுத்தியது. வரதன் ஐயங்கார் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். வேலியோரம் நின்றவர் எங்களைப் பார்த்ததும், "வாங்கோ, வாங்கோ. முதல்ல தீர்த்தம் சாப்பிடுங்கோ" என்று செம்பைக் கொடுத்தார். தோட்டத்தில் ஒரு வரிசை கொய்யா, எதிர் வரிசை சப்போட்டா. எங்கள் வழக்குக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது.

பொன்னம்மா தன் சாட்சிகளை எடுத்து வைத்தாள். அவர் ஒரு காயை எடுத்து நகத்தால் லேசாகக் கீறினார். உள்ளே பச்சை, பால் வழிந்தது. "இது பிஞ்சு. பாவம், அவசரப்பட்டுப் பறிச்சுட்டேள்." அடுத்ததைக் கட்டைவிரலால் தேய்த்தார். மேல் பொடி உதிர்ந்தது. கீறினார், மஞ்சள் கோடு விழுந்தது. "இது நன்னா முத்தியிருக்கு. ஆனா மரத்துல பழுக்கவும் விடப்படாது, பறிச்ச உடனே வாயில வைக்கவும் படாது. பால் போக அலம்பி, வைக்கோல்ல வச்சு மூடுங்கோ. நாலஞ்சு நாள் அந்தப் பக்கமே போகாதேங்கோ."

"அப்ப கொய்யாதான சாமி சுலபம்?" என்றாள் அவள், விடாமல். "பாத்தாலே தெரியும், மோந்தாலே தெரியும்."

"யார் இல்லேன்னா? கொய்யா பாசஞ்சர் வண்டி. சீக்கிரம் கிளம்பிடும், ஆனா ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் கவனிக்கணும். சப்போட்டா கூட்ஸ் வண்டி. கிளம்பத்தான் நாழியாகும்."

அப்புறம் இரண்டு வரிசைக்கும் நடுவே நடந்து விளக்கினார். கொய்யா புதுக் கிளையில்தான் காய்க்கும், அதனால் அறுவடை முடிந்ததும் நுனிகளை வெட்ட வேண்டும். பழ ஈ வந்தால் விழுந்த பழத்தைப் பொறுக்கிப் புதைக்க வேண்டும். பழுத்தால் இரண்டு மூன்று நாளில் விற்றாக வேண்டும். சப்போட்டாவுக்குக் கத்தி வேண்டாம், காய்ந்த கிளையை எடுத்தால் போதும். முற்றிய காய் கல் போல் இருப்பதால் பஸ் கூரையில் ஏற்றினாலும் நசுங்காது. ஒட்டுக்குக் கீழே துளிர் வந்தால் மட்டும் உடனே கிள்ளிவிட வேண்டும், விட்டால் அது மேல் மரத்தைக் கொன்றுவிடும். அந்தத் துளிர் ஒன்றைக் காட்டினார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் கரட்டில் பாறை இடுக்கில் வளரும் பாலை மரத்தின் இலை!

"அதேதான். பாலைக் கன்னுலதான் ஒட்டுக் கட்டறது" என்றார்.

மழை பொய்த்த வருஷத்திலும் வாடாத மரம் அது. அந்த வேர்தான் என் சப்போட்டாவுக்கும் கீழே இருக்கிறது. ஐந்து வயது தாண்டிவிட்டதால் கோடையில் இரண்டு வாரத்துக்கு ஒரு தண்ணீர் போதும் என்றார் ஐயங்கார். எட்டு மரத்துக்கும் எங்கள் கிணறு போதும்! நான் பொன்னம்மாவைப் பார்த்தேன். "முதல்ல பழுக்கட்டும், அப்புறம் பாக்கலாம்" என்றாள்.

அன்று மாலையே ஊர் திரும்பினோம். திங்கட்கிழமை மரத்தை வெட்டவில்லை, நகத்தால் கீறிக் கீறிக் காய் பறித்தோம். ஒரு கூடை தேறியது. அலம்பி, வைக்கோலில் வைத்து மூடினோம். ஐந்தாம் நாள் பொன்னம்மாதான் திறந்தாள். வாசனை வாசல் வரை வந்தது. ஒரு பழத்தைப் பிட்டு முழுதும் தின்றாள். இன்னொன்றையும் தின்றாள்.

"ஏங்க, இதை முன்னாடியே சொல்றதுக்கு என்ன?" என்றாள்.

தெரிந்தால்தானே சொல்வதற்கு! ஆனால் ஜெயித்தவன் பதில் பேசக் கூடாது. நானும் ஒரு பழத்தைப் பிட்டுத் தின்றேன்.

போக நினைப்பவர்களுக்கு: புரட்டாசியில் இரண்டு பழமும் கிடைக்கும், ஆனால் சனிக்கிழமை வேண்டாம், கூட்டம் தள்ளிவிடும். ஒட்டுக் கன்று வாங்கினால் ஒட்டுப் போட்ட இடம் நன்றாகக் கூடியிருக்கிறதா என்று பாருங்கள். நடும்போது அந்த இடம் மண்ணுக்கு மேலே இருக்கட்டும். கொய்யாவுக்கு இருபது அடி இடைவெளி, சப்போட்டாவுக்கு முப்பது. சீக்கிரம் பலன் வேண்டும், தினம் கவனிக்க ஆள் உண்டு என்றால் கொய்யா வையுங்கள். பொறுமை உண்டென்றால் சப்போட்டா. இரண்டுக்கும் இடம் இருந்தால் இரண்டையும் வையுங்கள், வீட்டில் சண்டை இருக்காது.

கடைசியில் சொன்னது முழு உண்மையில்லை. இந்த வாரம் கிணற்றுக்கு மேற்கே பொன்னம்மா ஆறு குழி எடுக்கச் சொல்லியிருக்கிறாள். ஆறும் சப்போட்டாவுக்காம். ஒன்றையாவது கொய்யாவுக்கு விடு என்று நான் கெஞ்சிக்கொண்டிருக்கிறேன்.