பாலத்தைத் தாண்டாத ஞாயிறுகள்

அந்த மருத்துவமனையில் ரத்தம் எடுப்பவளை எல்லாரும் ஊசியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பதினொரு வருடமாக ஒரே குத்தில் நரம்பைப் பிடிக்கிற கை. வீறிட்டு அழும் கைக்குழந்தையிடம்கூடத் தடுமாறாது. அந்தக் கைதான் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணியானால் தடுமாறும்.

காரணம் அவளுடைய தம்பி. கல்யாணமாகி அவள் ஓர் ஊரில், வேலை கிடைத்து அவன் வேறோர் ஊரில். போனில் பேசினால் "சாப்பிட்டியா, தூங்குனியா"வோடு முடிந்துவிடும். சேர்ந்து விளையாடலாம் என்று அவன்தான் ஒரு வீடியோ கேம் வாங்கி அனுப்பினான். ஞாயிறுதோறும் பத்து மணிக்கு, மைக் வைத்த ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு இருவரும் ஒரு கல்பாலத்தைக் கடக்க வேண்டும். நடுவில் சம்மட்டியோடு ஒரு ராட்சசன். தம்பி லாவகமாக உருண்டு தப்பிப்பான். இவள் குதிக்கிற பொத்தானுக்குப் பதில் குனிகிற பொத்தானை அமுக்கிச் செத்துப்போவாள். ஒருவர் செத்தால் இருவருக்கும் ஆட்டம் முதலிலிருந்து.

"பரவாயில்லக்கா, இன்னொரு தடவை."

அந்தப் பரவாயில்லைதான் அவளை அரித்தது. என்றைக்காவது அவனுக்கு அலுத்துப்போகும், கூப்பிடுவதையே நிறுத்திவிடுவான் என்று வெள்ளிக்கிழமையே கவலைப்படத் தொடங்கிவிடுவாள். அவனுக்குத் தெரியாமல் தனியாகப் பழகினாள். கணவர் எட்டிப் பார்த்து, "விளையாடுற மாதிரி தெரியலயே, பரீட்சைக்குப் படிக்கிற மாதிரில்ல இருக்கு," என்றார்.

ஒரு சனிக்கிழமை, பெரியவர் ஒருவரின் கையில் ரப்பர் பட்டையைக் கட்டியபடியே, ராட்சசன் இடப்பக்கம் ஓங்கினால் எந்தப் பொத்தான் என்று யோசித்துக்கொண்டிருந்தாள். ஊசி நரம்பை விட்டு விலகியது. மறுபடி குத்தினாள், அதுவும் தவறியது. பெரியவர் முகத்தைச் சுளித்தார். முழங்கை மடிப்பில் நீலம் கட்டுவதைப் பார்த்து அவளுக்குக் குப்பென்று வியர்த்தது. கூட வேலை செய்பவளைக் கூப்பிட்டு எடுக்கச் சொன்னாள்.

மறுநாள் மைக்கை மாட்டியதும் சொல்லிவிட்டாள். "டேய், எனக்கு இதுல சந்தோஷமே இல்லடா. பயமாத்தான் இருக்கு."

திரையில் தம்பியின் பொம்மை ஓடாமல் பாலத்தின் முனையிலேயே நின்றுவிட்டது.

"கோவமா?"

"கோவமெல்லாம் இல்லக்கா. நீ செத்தா மறுபடி ஆரம்பிக்க அரை நிமிஷம் ஆகுதுல்ல, அப்பதான் நாம பேசவே செய்றோம். அதுக்காகத்தான் நான் வர்றேன்." பிறகு, "ஆட்டத்த சுலபமா மாத்திடவா?" என்றான்.

"உனக்குச் சப்புனு ஆயிடுமே."

"ஆகட்டும்."

மூன்றாவது முயற்சியில் ராட்சசன் விழுந்தான். ஜெயித்த மகிழ்ச்சி வரவில்லை, மூச்சுதான் வாங்கியது. பாலத்துக்கு அப்பால் ஒரு கதவு. அதற்குள்ளிருந்து உறுமல் கேட்டது. அவள் பொத்தானிலிருந்து விரலை எடுத்தாள்.

"இதுக்குள்ள இன்னைக்கு வேணாம்டா."

"வேணாம்." தன் பொம்மையைக் கதவுக்கு வெளியே உட்கார வைத்தான், பக்கத்தில் அவள் தன்னுடையதை. பிறகு குரலைத் தாழ்த்தி, "அக்கா, வேலைய விட்டுட்டேன். போன மாசமே. வீட்ல யாருக்கும் தெரியாது," என்றான்.

அவள் கன்ட்ரோலரைக் கீழே வைத்தாள்.

"சொல்லு, கேட்டுட்டுதான் இருக்கேன்."